கீழ்த்தெருவின் மூத்தவர்

செப்டம்பர் 12, புதன்

எனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். இந்தக் கீழ்த்தெருவுக்கு நான் குடிவந்து இன்றோடு ஐந்து மாதம். தெருவில் என்னுடையதைச் சேர்த்துப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டிலிருந்தும் எனக்குப் புதுக்குடி விருந்துக்கு அழைப்பு வரவில்லை.

புதிதாக வந்தவன் தன் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் அக்கம்பக்கத்து அடுப்பில் அவனுக்காகக் கறி வேக வேண்டும். நம் ஆட்கள் கூடாரம் தூக்கித் திரிந்த காலத்திலிருந்து இதுதான் முறை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் பழைய தெருவில், சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவன் ஒருவன் வீடு பிடித்தான். அவனுக்கே செய்தோம். என் மனைவி சோனுன்தான் முதலில் மாவு பிசைந்தாள். நான் லாரி ஓட்டியவன். யார் வீட்டுக் கோழியையும் தொட்டதில்லை.

எதிர்வாசல் வீடு முதலில் கூப்பிட வேண்டும், பிறகு மற்றவர்கள். எதிர்வாசல் மாம்பெத்துடையது. தபால் நிலையத்தில் முப்பது வருடம் இருந்தவர். அதோடு இந்தத் தெருவில் எல்லாரையும்விட வயதில் மூத்தவர். முறை தெரியாதவர் அல்ல. தினமும் காலையில் தன் வாசலைப் பெருக்குகிறார், நிமிர்ந்து என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து வணங்குகிறார், உள்ளே போய்விடுகிறார்.

நான் கேட்கப் போவதில்லை. கேட்டு வாங்கினால் அது விருந்து இல்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

கடையில் இரண்டு வெங்காயமும் ஒரு சோப்பும் வாங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் இடது பக்கத்து வீட்டு அனார்கான் கேட்டுவிட்டாள்: "என்ன பெரியவரே, வெங்காயம் தீந்துபோச்சா?" வேன் நிறுத்தத்தில் ரொட்டி விற்பவள் அவள். ஊரில் எந்தச் செய்தியும் அவளுடைய கூடையைத் தாண்டித்தான் போகும். என் வெங்காயம்வரை இந்த ஊருக்குத் தெரியும். அதை யாரோடு உட்கார்ந்து தின்கிறேன் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

செப்டம்பர் 20, வியாழன்

குளியல்கூடத்தில் ஆண்களின் நாள். நீராவியில் முகம் தெரியவில்லை, இருமலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம். மாம்பெத் என் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தார்.

"முதுகு தேய்ச்சு விடட்டுமா அண்ணே?"

"சிரமம் எதுக்கு."

"என்னண்ணே சிரமம். திரும்பி உக்காருங்க."

நன்றாகத் தேய்ப்பார். தோள்பட்டைக்கு நடுவில் என் கை எட்டாத ஓர் இடம் உண்டு. சோனுன் போனபிறகு அந்த இடத்தைத் தொட்டது அவர் கை ஒன்றுதான். முதுகு தேய்க்கத் தெரிந்த மனிதருக்கு வாசல் திறக்கத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன். நான் மாம்பெத்தை "நீ" என்று சொல்வதில்லை, "நீங்கள்" என்றும் சொல்வதில்லை. "உடம்பு எப்படி இருக்கு?", "சாப்பாடு ஆச்சா?" இப்படியே நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 23, ஞாயிறு

தலைநகரிலிருந்து மகள் பெர்மெட் பேசினாள். ஐந்து அறை வீட்டில் தனியாகக் கிடக்காதே, மருத்துவமனைக்குப் பக்கத்தில் சின்ன வீடாகப் பார் என்று ஒற்றைக் காலில் நின்று என்னை இங்கே கொண்டுவந்து போட்டவள் அவள்தான்.

"தெருக்காரங்க எல்லாம் பழகிட்டாங்களாப்பா?"

"யாரும் என் வாசப்படி மிதிக்கல. நானும் யார் வாசப்படியும் மிதிக்கல."

"கேட்டைத் தொறந்து வெச்சு நீங்களே நாலு பேர்கிட்ட பேசுங்களேன்."

"நான் எதுக்குப் போகணும்? வந்தவன் நான்."

"அஞ்சு தெரு தள்ளி வந்திருக்கீங்கப்பா. என்னமோ சைபீரியாவுலேர்ந்து வந்த மாதிரி பேசறீங்க."

ஐந்து தெருதான். ஆனால் நடுவில் ஆறு இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் போய்விட்டவன், இந்தப் பக்கத்துக்கு இன்னும் வந்து சேராதவன். பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாது. அங்கே யாருக்கும் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இங்கே செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் அது ஒரு செய்தி.

அக்டோபர் 1, திங்கள்

முதியோர் நாள். பண்பாட்டு மன்றத்தில் கூட்டம். எழுபத்தைந்து முடிந்தவர்களுக்கு நகராட்சி அங்கி போர்த்தியது. இந்த ஆண்டு நான்கு பேர். என் பெயரை முதலில் படித்தார்கள்: "ஷர்ஷேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று." கருநீல வெல்வெட், ஓரத்தில் பொன்சரிகை ஆட்டுக்கொம்பு வேலை. கம்பளித் தொப்பியும் கொடுத்தார்கள். முன்வரிசைக்குப் போக வழி வேண்டியிருந்தது. மாம்பெத் எழுந்து சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். அவருடைய முறை அடுத்த ஆண்டாம். எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டியவரும் அவர்தான்.

அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

அக்டோபர் 2, செவ்வாய்

அங்கி தோளில் பெரிதாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். காட்ட ஆளில்லை. கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அக்டோபர் 17, புதன்

தெருமுனை விளக்கைப் பற்றி நகராட்சிக்கு மூன்றாவது கடிதம். முதல் இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. எனக்குப் பள்ளிப் படிப்பு நான்கு வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது லாரி எஞ்சின் புத்தகத்தில், வாக்கியம் எழுதப் பழகியது செய்தித்தாளில். ஆனாலும் என் கடிதத்தில் தேதியும் கம்பத்தின் எண்ணும் சரியாக இருக்கும். படித்த பிள்ளைகளின் பதிலில்தான் எதுவும் இருக்காது.

மதியம் லாரி டிப்போவின் பழைய சமையற்காரியை அடக்கம் செய்தோம். சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை, தானாகப் போகலாம். அது ஒன்றாவது இருக்கிறது. சாப்பாட்டு விரிப்பைச் சுருட்டும் முன் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்க ஆசி சொல்லுங்க" என்றார்கள். தொண்டை சரியில்லை என்றேன். எப்போதும் சொல்வதுதான். மாம்பெத் சொன்னார். அழகாகச் சொல்வார். இரண்டு கைகளையும் விரித்து, அவசரப்படாமல்.

வெளியே வரும்போது யாரோ சொன்னது காதில் விழுந்தது: "என்னா பணிவு பாரு ஷர்ஷேனுக்கு."

பணிவாம்.

நவம்பர் 4, ஞாயிறு

முதல் பனி. காலையில் எல்லா வாசலிலும் காலடிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. என் வாசலில் ஒரு வரிசை போயிருந்தது, ஒரு வரிசை வந்திருந்தது. இரண்டும் என்னுடையவை.

நவம்பர் 11, ஞாயிறு

இன்று ஒருவரோடும் பேசவில்லை. ரேடியோ செய்தி வாசித்தவளுக்கு ஒரு தடவை பதில் சொன்னேன்.

நவம்பர் 24, சனி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

மாம்பெத் வீட்டில் இன்று குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்தார்கள். அதிகாலையிலிருந்து தெருவே அவர் முற்றத்தில் இருந்தது. ஆண்கள் தோல் உரிக்க, பெண்கள் குடல் கழுவ. பன்னிரண்டாவது வீட்டு முடவன்கூடக் கட்டை ஊன்றி வந்து சேர்ந்தான். சிரிப்புச் சத்தம் என் சமையலறைவரை கேட்டது. கறி வேகும் வாசனையை எந்தக் கதவாலும் தடுக்க முடியாது. நான் உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.

பிற்பகல் கேட்டைத் தட்டும் சத்தம். மாம்பெத்தின் மருமகள் நின்றாள். கையில் துணி மூடிய தட்டு, ஆவி பறந்தது.

"மாமா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"உள்ள வாங்கன்னு சொல்ல நாக்கு வரல, தட்டு மட்டும் வருதாக்கும்?"

அவள் முழித்தாள். "இல்ல... மாமாதான் இதை உங்ககிட்ட..."

"எடுத்துட்டுப் போம்மா. இங்க பிச்சைக்காரன் யாரும் இல்ல."

துணியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கொக்கியைப் போட்டேன். பனியில் அவள் எதிர்வாசலுக்குத் திரும்பி நடப்பதைக் கதவு இடுக்கில் பார்த்தேன். அவர்கள் முற்றத்தில் சிரிப்பு நின்றது. அதுவும் கேட்டது.

சரியாகத்தான் செய்தேன்.

நவம்பர் 25, ஞாயிறு

சரியாகச் செய்யவில்லை.

காலையில் அனார்கான் கேட்டைத் தட்டவில்லை, உதைத்தாள். ரொட்டி மாவு கையில் காய்ந்திருந்தது, அப்படியே வந்திருந்தாள்.

"பெரியவரே, நேத்து என்ன காரியம் செஞ்சீங்க தெரியுமா?"

"தட்டைத் திருப்பி அனுப்பினேன். தெரு முழுக்க உள்ள உக்காந்து தின்னும், எனக்கு மட்டும் வாசல்ல தட்டா?"

"துணியைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்?"

"இடுப்பெலும்புங்க! மாம்பெத் அண்ணன் தன் கையால எடுத்து வெச்சாரு. 'இது மூத்தவருக்குப் போக வேண்டியது, நான் தின்னக்கூடாது'ன்னு. அம்பது வருஷமா இந்தத் தெருவுல யாரும் இடுப்பெலும்பைத் திருப்பி அனுப்புனதில்ல. அந்த மனுஷன் நேத்து அதுக்கப்பறம் ஒரு வாய் திங்கல."

நான் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பெலும்பு விரிப்பில் மூத்தவருக்குத்தான் போகும். அதை எனக்கு அனுப்பியிருக்கிறார். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இவ்வளவு மரியாதை தெரிஞ்சவரு ஏழு மாசமா ஏன் ஒரு வாய் டீக்குக் கூப்பிடல?"

அனார்கான் என்னைப் பார்த்த பார்வை — முட்டாளைப் பார்ப்பதுபோல.

"எப்படிக் கூப்பிடுவாரு? ஆத்துக்கு அந்தப் பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது. கீழ்த்தெருவுல தெருவுக்கே மூத்தவர்தான் மொதல்ல வாயைத் திறக்கணும். அவரு கூப்பிட்ட பிறகுதான் மத்தவங்க. வந்தவரே எல்லாருக்கும் மூத்தவரா இருந்தா, அவரு கேட்டோட ரெண்டு கதவையும் தொறந்து வெச்சு, விரிப்பு போட்டு, ரொட்டி பிட்டு, தெருவுக்கு ஆசி சொல்லணும். எங்க மாமனார் சுரங்கத்துலேர்ந்து வந்தப்ப மூணாம் நாளே செஞ்சாரு. நீங்க ஏழு மாசமாக் கொக்கி போட்டு உக்காந்திருக்கீங்க. எங்களை மதிக்கலைன்னு நாங்க நெனச்சோம். 'ஆத்துக்கு மேல்பக்கத்துக்காரரு, அங்கியெல்லாம் வாங்கினவரு, நம்ம ரொட்டி இறங்காது போல'ன்னு பேசிக்கிட்டோம்."

"மூத்தவர் மாம்பெத்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"அவரு நாப்பத்து நாலு. நீங்க நாப்பத்து மூணு. மன்றத்துல மைக்குல படிச்சாங்களே, ஊரே கேட்டுச்சு."

போகும்போது ஒரு ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். சூடாக இருந்தது.

நவம்பர் 26, திங்கள்

இதை எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1945. மலைக்கணவாய்க்கு அந்தப் புறக் கிராமத்தில் பதிவேடுகள் ஒருமுறை தீயில் போயின. பிறகு வயது என்பது அவரவர் வாய்ச்சொல். அப்பா இறந்தபோது எனக்குப் பதினாறு, கீழே மூன்று தம்பி தங்கைகள். இந்த ஊர் லாரி டிப்போவில் பதினெட்டு இல்லாதவனைச் சேர்க்கமாட்டார்கள். கிராம எழுத்தரிடம் போய், நாற்பத்து மூன்று என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு இங்கே வந்தேன். நாலு பேர் வயிறு நிறைந்தது. அதற்காக வெட்கப்படவில்லை.

வெட்கம் வேறு. இங்கே வந்த நாளிலிருந்து என்னைவிட மூத்தவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். கல்யாணத்தில், சாவில், டிப்போ விருந்தில் எனக்கு மேல் இடம். முதலில் சொல்லவில்லை, வேலை போய்விடும். பிறகு சொல்லவில்லை, சிரிப்பார்கள். அப்புறம் மறந்துவிட்டேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. உள்ளுக்குள் மாம்பெத் எனக்கு மூத்தவர்தான், அதனால்தான் ஏழு மாதமும் அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவரோ நான் மூத்தவன் என்று எனக்காகக் காத்திருந்திருக்கிறார். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ஒரு கிழவன்.

ஒன்றே ஒன்றில் நான் தவறியதில்லை. என்னைவிட மூத்தவர் உட்கார்ந்திருக்கும் விரிப்பில் நான் ஆசி சொன்னதில்லை. நகராட்சி அங்கியை வாங்கிக்கொண்டேன். ஆசியை நகராட்சி கொடுப்பதில்லை.

சோனுனுக்குத் தெரியும். "ஒருநாள் சொல்லிடு" என்பாள். "சொல்றேன்" என்பேன். அவளும் போய்விட்டாள்.

நவம்பர் 30, வெள்ளி

எளிது. ரொம்ப எளிது. கேட்டின் இரண்டு கதவையும் திறக்க வேண்டும், அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும், ரொட்டியைப் பிட்டு இரண்டு வரி ஆசி. மறுநாளிலிருந்து பதினோரு வீடும் என்னைக் கூப்பிடும். இடுப்பெலும்பு எனக்கு வரும். யாருக்கும் நஷ்டமில்லை. நாற்பத்து மூன்று என்பது மைக்கில் சொன்ன உண்மை.

காலையில் விரிப்பைப் போட்டேன். அனார்கானிடம் வாங்கிய ஆறு ரொட்டிகள், உலர்திராட்சை, வெண்ணெய். ஏழு மாதத்தில் என் வீட்டில் அத்தனை கிண்ணங்களை ஒன்றாகப் பார்த்ததில்லை. அங்கியைப் போட்டேன். கேட்டின் ஒரு கதவைத் திறந்தேன்.

எதிர்வாசலில் மாம்பெத் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு திறப்பதைப் பார்த்ததும் மண்வாரியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். தபால் நிலையத்தில் மேலதிகாரி வரும்போது நின்றிருப்பாரே, அப்படி. இடுப்பெலும்பைத் திருப்பி அனுப்பியவனுக்காக நின்றார்.

இரண்டாவது கதவை என்னால் திறக்க முடியவில்லை. தாழ்ப்பாள் உறைந்திருக்கவில்லை. முதல் கதவையும் சாத்திவிட்டேன்.

ஏண்டா இப்படி இருக்கே? எழுபத்து மூணு வயசாச்சு, ஒரு கதவைத் தொறக்கத் தெரியலையா?

ஆறு ரொட்டியும் காய்கின்றன.

டிசம்பர் 6, வியாழன்

சொல்லிவிட்டேன்.

குளியல்கூடத்தில். வேறு எந்த இடத்திலும் அவர் எழுந்து வழிவிடுவார், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. அங்கே எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்போம், உடம்பில் ஒரு நூலும் இருக்காது.

மாம்பெத் வந்து உட்கார்ந்தார். தட்டு விவகாரத்துக்குப் பிறகும் கேட்டார், முறையை விடாத மனிதர்: "முதுகு தேய்க்கட்டுமா அண்ணே?"

"நான் அண்ணன் இல்ல."

அவர் கையிலிருந்த தேய்ப்புத் துணி நின்றது. "சரி. உறவே வேணாம்னுட்டீங்க. எலும்பைத் திருப்பி அனுப்பினப்பவே புரிஞ்சுது. பரவாயில்ல."

"அதில்ல. நான் நாப்பத்தஞ்சுல பொறந்தவன். காகிதம் பொய். டிப்போவுல சேர்றதுக்காக ரெண்டு வயசு கூட்டிச் சொன்னேன். நீங்கதான் அண்ணன்."

நீங்கள் என்று சொன்னேன். நாற்பது வருடத்தில் முதல் முறை. நாக்கு கனத்தது.

மேல்பலகையில் இருமிக்கொண்டிருந்தவன் இருமுவதை நிறுத்திவிட்டான்.

மாம்பெத் விரலை மடக்கினார். "எம்பத்திரண்டாம் வருஷம். டிப்போ விருந்து. உன் கைக்கு நான் தண்ணி ஊத்தினேன்."

"ஆமா."

"உன் அறுபதாம் பொறந்தநாளுக்குத் தாம்பாளத்தைத் தூக்கிட்டு நின்னேன். அன்னிக்கு உனக்கு அம்பத்தெட்டு."

"ஆமா."

"என் சொந்த மகன் கல்யாணத்துல உன்னை மேல உக்கார வெச்சுட்டு நான் கதவோரம் உக்காந்தேன். குதிரை என்னுது, மகன் என்னுது, வீடு என்னுது. கதவோரம்!"

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சும் கறி இறங்குச்சா உனக்கு?"

இறங்கியது. அதுதான் உண்மை. அவர் தன் வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து போனார். முதுகு தேய்க்கவில்லை.

டிசம்பர் 8, சனி

சின்ன ஊருக்கு இரண்டு நாள் அதிகம். வியாழன் சாயங்காலமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

வேன் நிறுத்தத்தில் ரொட்டி வாங்கப் போனேன். அனார்கான் கூடையைத் திறந்தபடியே, "வா தம்பி, சூடா இருக்கு" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேன் ஓட்டுநர் கேட்டான்: "ரெண்டு வயசு குறைஞ்சுடுச்சாமே பெரியவரே, என்ன மருந்து? எங்கம்மாவுக்கும் வேணும்." இறைச்சிக்கடைக்காரர் தன் பிறந்த வருடத்தைச் சொல்லி என்னோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவரும் எனக்கு மூத்தவராம், ஏழு மாதம். "தொப்பியைக் கழட்டு எனக்கு" என்றார். கழற்றினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். ஒருவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்றால் அவனைப் பார்க்க வேண்டும். ஏழு மாதமாக அதுகூட இல்லை.

மாம்பெத் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் பெருக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்.

டிசம்பர் 12, புதன்

எதிர்வாசல் திறக்கவில்லை. இங்கே பனியில் என் காலடி மட்டும், போனதும் வந்ததும்.

டிசம்பர் 13, வியாழன்

குளியல்கூடம். மாம்பெத் எதிர்ப்பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என் தோள்பட்டைக்கு நடுவில் அந்த இடத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டேன், மாடுபோல.

டிசம்பர் 14, வெள்ளி

அங்கியை மடித்து நகராட்சிக்கு எடுத்துப் போனேன். கடிதமும் கொடுத்தேன்: "எனக்கு எழுபத்து மூன்று வயதே ஆகிறது. தவறுதலாகப் பெற்றதைத் திருப்பி ஒப்படைக்கிறேன். பட்டியலைத் திருத்தவும். தெருமுனை விளக்கைப் பற்றிய மூன்று கடிதங்களுக்கும் பதில் தரவும்."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டு முறை படித்தாள். "தாத்தா, அங்கியைத் திரும்ப வாங்கறதுக்கு எங்ககிட்ட விண்ணப்பமே இல்ல. ரெண்டு வருஷம் வீட்டுல வெச்சுட்டு அப்புறம் போட்டுக்கோங்களேன்."

"எனக்குச் சேராததை என் வீட்டுல எதுக்கு வெக்கணும்?"

"எங்க வீட்டுலயா வெச்சுக்கறது?"

அரை மணி நேரம் நின்றேன். கடிதத்தில் முத்திரை குத்தினாள். அங்கியை வாங்கவில்லை. திரும்பிக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் நடுவே நடந்து வந்தேன். நல்ல காற்று. போட்டிருந்தால் குளிருக்கு இதமாக இருந்திருக்கும். போடவில்லை.

டிசம்பர் 18, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கேட்டில் தடியால் தட்டும் சத்தம். தட்டவில்லை, இடி.

"டேய் ஷர்ஷேன்!"

நான் கையில் தேநீர்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். என் அண்ணன் முறைக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னை "டேய்" என்று கடைசியாக யார் கூப்பிட்டார்கள்? நினைவில்லை. முப்பது வருடம் இருக்கும்.

"காது கேக்கலையாடா? தொற!"

திறந்தேன். மாம்பெத் தன் நல்ல தொப்பியைப் போட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டு கதவையும் தொற. பாதிக் கதவு வழியா நுழைய நான் கோழி இல்ல."

திறந்தேன். வந்தார், பூட்சைக் கழற்றினார், நேராகக் கதவுக்கு எதிரே மேலிடத்தில் போய் உட்கார்ந்தார். ஆணியில் தொங்கிய அங்கியைப் பார்த்தார். நான் தேநீர் ஊற்றினேன். குடித்தார். இரண்டாவது கிண்ணம் நீட்டினார்.

"உன்மேல கோபம் தீரல. தீராது. அதை மொதல்ல தெரிஞ்சுக்க."

"சரி."

"ஆனா நான் மூத்தவன்னு ஆயிடுச்சு. மூத்தவன்தான் மொதல்ல கூப்பிடணும். பன்னெண்டு நாளாச்சு, நான் இன்னும் கூப்பிடல. இப்ப தப்பு என் பக்கம் வந்து நிக்குது. உன்னால!"

"நான் என்ன..."

"பேசாதே. சனிக்கிழமை என் வீட்டுல உனக்குப் புதுக்குடி விருந்து. உனக்கு எழுத்து நல்லா வரும்னு ஊர் பேசுது. நோட்டை எடு. நான் சொல்றதை எழுது. ஒண்ணை விட்டாலும் தெருவுல சண்டை வரும்."

இந்த நோட்டைத்தான் எடுத்தேன். முன்பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் சொன்னபடி எழுதியது:

சனிக்கிழமை, 22ஆம் தேதி, மதியத் தொழுகைக்குப் பிறகு.

மாம்பெத்தின் மகன்: ஆடு. காலை எட்டு மணிக்குள். மருமகள் ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அனார்கான்: இருபது ரொட்டி. தம்பி என்று கூப்பிடுவதை விரிப்பில் நிறுத்தவேண்டும். வாசலில் கூப்பிடலாம்.

இரண்டாவது, மூன்றாவது வீடு: சமையல் அண்டா, விறகு.

பன்னிரண்டாவது வீட்டு முடவன்: ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும். அவனைக் கூட்டிவரப் பனிச்சறுக்கு வண்டியோடு வேன் ஓட்டுநர் போக வேண்டும்.

இறைச்சிக்கடைக்காரர்: மேல்பக்கத்தில் அமர வேண்டும், ஷர்ஷேனுக்கு மேலே. அவர் ஏழு மாதம் மூத்தவர்.

மாம்பெத்: முதல் இடம். இடுப்பெலும்பு. ஆசி.

அங்கி: ஷர்ஷேன் எடுத்து வர வேண்டும். மாம்பெத் போட்டுக்கொள்வார். அடுத்த அக்டோபரில் மாம்பெத்துக்குச் சொந்தமாக ஒன்று வரும், அப்போது இது ஆணிக்குத் திரும்பும். 2020 அக்டோபர்வரை ஷர்ஷேன் தொடக்கூடாது.

அடுத்த சனியிலிருந்து: வயது வரிசைப்படி மற்ற வீடுகள். தெரு முடிய மார்ச் ஆகும்.

நகராட்சி: தெருமுனை விளக்கு. (இது நான் சேர்த்தது. அவர் ஆட்சேபிக்கவில்லை.)

கடைசியாக ஒன்று சொன்னார். "கை கழுவத் தண்ணி ஊத்தறது இளையவன் வேலை. விருந்தாளியா இருந்தாலும் சரி, எழுபத்து மூணு வயசா இருந்தாலும் சரி. எம்பத்திரண்டுலேர்ந்து பாக்கி இருக்கு. எழுது." எழுதினேன்.

அவர் போனபின் எதிர்வாசல்வரை பனியில் இரண்டு வரிசைக் காலடிகள். கேட்டைச் சாத்தவில்லை. கீழே உள்ளது அவர் சொல்லாதது, என் நினைவுக்காக:

நான்: கெண்டி, தாம்பாளம், சலவைத் துண்டு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக்கூடாது. அண்ணனுக்கு விரல் மூட்டுகளில் வலி.